பேனருக்கு முன்னால் ஒரு போட்டோ: சந்திப்பு நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இணையத்தில் எழுதும் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஏற்காட்டில் இரண்டு நாள் சந்திப்பு நடத்தப் போகிறார்கள். அதில் பால்புதுமையினர் (திருநர், தன்பாலீர்ப்பாளர் போன்றவர்கள்) எழுத்துக்கென்று ஓர் அமர்வும் உண்டு. ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் திட்டத்தைக் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019இல் முதல் சந்திப்பை நடத்தியபோது நான் செய்த தவறுகள் ஒன்று விடாமல் அவர்கள் நோட்டில் இருந்தன.

கேலி கூடாது, கேவலமான சொற்கள் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நல்ல மனதோடு செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதிவுப் படிவம்

ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களோடு 'மற்றவை' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். திருநங்கையான போலீஸ் அதிகாரி பிரித்திகா யாஷினி சேலத்துக்காரர் என்று மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறோம். எஸ்.ஐ. வேலைக்கு அவர் போட்ட விண்ணப்பம் முதலில் தள்ளுபடியானது, மூன்றாம் பாலினத்துக்கு அங்கே இடமே இல்லை என்பதால்தான். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கி, அதற்கப்புறம்தான் காக்கிச் சட்டை போட்டார். நம் படிவத்தையாவது நாம் ஒழுங்காகப் போடலாம். எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் பாலினம் எதற்கு? அறை ஒதுக்கத்தான் என்றால், 'யாரோடு தங்க உங்களுக்கு வசதி?' என்று நேராகக் கேளுங்கள். அட்டையில் என்ன பெயர் எழுத வேண்டும் என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஆதாரில் உள்ள பெயர் விடுதிக்காரருக்குப் போதும், அதைக் கழுத்தில் தொங்கவிட வேண்டாம்.

பேனருக்கு முன்னால் போட்டோ

இதை மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது, என் மேல்தான்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் கூடம், முப்பது பேர். ஒரு தம்பி வந்திருந்தான். தன் தன்பாலீர்ப்பைப் பற்றிப் புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தவன். சேலத்துப் பையன், கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீடு. காலையிலிருந்து வாய் திறக்காதவன் மதிய அமர்வில் எழுந்து, தான் எழுதிய ஒரு பக்கத்தை வாசித்தான். கை நடுங்கியது. தாளைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தை மனப்பாடமாகவே சொன்னான். முடிந்ததும் எல்லாரும் டீ தம்ளரோடு எழுந்தபோது, 'வாங்க, ஒரு குரூப் போட்டோ' என்று கூப்பிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் ஃப்ளெக்ஸ் பேனரில் 'பால்புதுமையினர் எழுத்து' என்று முழ உயர எழுத்து. அவன் வலது ஓரத்தில், தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நிலையில் நின்றிருந்தான். அன்று இரவே ஃபேஸ்புக்கில் போட்டேன். பெயர் எதுவும் போடவில்லையே, அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு போன். 'அக்கா, அந்தப் போட்டோவை எடுத்துடுங்க.' உடனே எடுத்துவிட்டேன். அதற்குள் அவன் அத்தை மகன் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். தம்பியின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனை நீட்டி, 'அந்தத் துணியில என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டாராம். பத்தே நாளில் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து ஓசூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். அந்தப் புனைபெயரில் அதற்கப்புறம் ஒரு வரிகூட வரவில்லை. அவ்வளவு நல்ல உரைநடையை நான் அதிகம் படித்ததில்லை.

இதைச் சொன்னதும் அஸ்தம்பட்டியில் ஒரு பையன், '2018லயே 377ஐ எடுத்துட்டாங்களே, இன்னும் என்ன பயம்?' என்றான். 377 என்பது தன்பாலுறவைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவு. அந்த வருடம் செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்தால் அது குற்றமில்லை என்று. அதனால் வீடு மாறிவிடவில்லை. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, பெற்றோரிடமிருந்தும் போலீஸ் விசாரணையிலிருந்தும் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. காணவில்லை என்ற புகாரை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட இணைகளைப் போலீஸ் தொல்லை செய்யக் கூடாது என்று அந்த ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். சட்டம் மாறி ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து நடந்தது இது.

அப்புறம், சேலம் பார்க்கத்தான் பெரிய ஊர். சொந்தபந்தக் கணக்கில் பார்த்தால் ஒரே தெரு. எழுத்தில் வெளிப்படையாக இருக்கிறவர் வீட்டிலும் அப்படி இருப்பார் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. சென்னை நண்பர்களுக்குத் தெரிந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குத் தெரிய வேண்டாம் என்று ஒருவர் நினைத்தால், அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர் மட்டும்தான்.

இப்போதெல்லாம் பேனரில் சந்திப்பின் பெயரை மட்டும் போடுகிறேன். அமர்வின் பெயர் உள்ளே கொடுக்கும் தாளில் இருக்கும். போட்டோவுக்குச் சம்மதிக்கிறவர்கள் பச்சை நாடா கட்டிக்கொள்வார்கள். ஒரு வருடம் இதைத் தலைகீழாகச் செய்து, வேண்டாம் என்றவர்களுக்குச் சிவப்பு நாடா கொடுத்தேன். யார் யார் மறைந்து வாழ்கிறார்கள் என்று அந்த நாடாவே கூடம் முழுவதற்கும் காட்டிக்கொடுத்தது. எடுப்பதற்கு ஒருமுறை, வெளியிடுவதற்கு முன் படத்தைக் காட்டி இன்னொரு முறை கேளுங்கள். நாடா இல்லாதவர் படத்தில் விழுந்திருந்தால் முகத்தை மட்டும் மங்கலாக்கிப் போடாதீர்கள். சட்டையை வைத்தும் நிற்கும் விதத்தை வைத்தும் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். வந்தவர்களின் போனுக்கும் இதே விதிதான். காலையில் ஒருமுறையும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருமுறையும் மைக்கில் சொல்லுங்கள்.

ஒருவரைக் கூப்பிட்டு ஊருக்கே பதில் கேட்பது

ஒருமுறை எங்கள் மேடைக்கு வந்த திருநங்கை, சேலத்துச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர். தட்டுவடை செட்டில் பீட்ரூட் துருவல் எப்போது வந்து சேர்ந்தது என்று கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்து எழுதியவர். அவரிடம் கேட்ட ஐந்து கேள்வியும் ஆபரேஷன் பற்றியும் வீட்டை விட்டு வந்தது பற்றியும்தான். கீழே இறங்கி வந்து, 'தட்டுவடையைப் பத்தி யாருமே கேக்கலையே அக்கா' என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுத்துக்காகக் கூப்பிடுங்கள். ஒருவரோடு நிறுத்தாமல் நாலு பேரை, வெவ்வேறு அமர்வுகளில் உட்கார வையுங்கள். மற்றப் பேச்சாளர்களுக்கு என்ன சன்மானமோ, இவர்களுக்கும் அதேதான்.

எல்லாரையும் திருநங்கை என்பது

திருநம்பி (பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்) உண்டு, ஊடுபால் (ஆண், பெண் என்ற இரண்டு உடல் வகைக்குள்ளும் அடங்காமல் பிறந்தவர்) உண்டு, பெண்ணை நேசிக்கும் பெண் உண்டு. தமிழக அரசே 2022இல் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு, அவரவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏப்ரல் 15, ஜூன்

ஏப்ரல் 15 தமிழகத்தில் திருநங்கையர் நாள், ஜூன் பால்புதுமையினரின் பிரைடு மாதம். அப்போது மட்டும் இவர்களைத் தேடாதீர்கள். மீதிப் பத்து மாதமும் இவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசி பஸ்

மாலை அமர்வை நீட்டிக்கொண்டே போய், திருநங்கைத் தோழிகளை இருட்டில் ஏரிப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கவிடாதீர்கள். வேனுக்கு முன்பணம் கொடுத்து வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்தோடு நிறுத்திவிடாமல், புது பஸ் ஸ்டாண்டு வரை போய் விட்டு வரட்டும்.