பூங்காவைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தன்னார்வலர்கள் கூடிப் பூங்காவைச் சுத்தம் செய்யும்போது அதிகம் நடக்கும் தவறு, அள்ளிய குப்பை எங்கே போகும் என்று முன்கூட்டியே யோசிக்காததுதான். மூட்டைகளை வாசலில் அடுக்கிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். ராத்திரியில் நாய்கள் பிய்த்துப்போடும், காற்று மிச்சத்தைப் பரப்பும். நாள் குறிக்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் பேசி, குப்பை வண்டி எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். வேலைக்கான அனுமதியையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடலாம்.

அடுத்தது, உதிர்ந்த இலையைக் குப்பையாக நினைப்பது. நடைபாதையில் கிடப்பதைக் கூட்டத்தான் வேண்டும், வழுக்கும். ஆனால் மரத்தடியில் கிடக்கும் சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கிறது, மட்கி உரமாகிறது, மண்புழுவுக்கு இரையாகிறது. அதைப் பெருக்கி மண்ணை மொட்டையாக்குவது மரத்துக்குச் செய்யும் கெடுதல். கொளுத்துவது இன்னும் மோசம். புகை நுரையீரலுக்குள் போகும், மேல்வேர்கள் வெந்துவிடும். கூட்டிய சருகை மரத்தைச் சுற்றிப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

வெறும் கையால் புதரைக் கிளறாதீர்கள். உடைந்த கண்ணாடியும் ஊசியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போடுங்கள். பார்த்தீனியம் என்ற களைச்செடியைப் பிடுங்கும்போது கையுறை, முகக்கவசம் இரண்டும் வேண்டும், தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரலாம். பூ விடுவதற்கு முன்பே பிடுங்குங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும்.

பெரிய குப்பையை எடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதும் தவறுதான். சிகரெட் துண்டின் வடிகட்டி பஞ்சு மாதிரி தெரிந்தாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். மழை பெய்தால் நேராக வடிகாலுக்குப் போகும். தண்ணீர் தேங்கிய சின்ன டப்பாவில்கூட டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒன்றிரண்டு வாரத்தில் கொசு பறந்துவிடும்.

மரக்கன்று நடுவதில்தான் எனக்கு அதிக மனவருத்தம். படம் எடுக்க ஒரே நாளில் நூறு கன்று நட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்த கோடையில் குச்சிதான் நிற்கிறது. முதலில் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களால் முடிகிற அளவுக்கு மட்டும் நடுங்கள். குறைந்தது 2 வருடமாவது கவனிக்க வேண்டும். நடும்போது பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். தண்டு வேராக விரியும் இடம் மண் மட்டத்தில் இருக்கட்டும், ஆழமாகப் புதைத்தால் கன்று மெல்ல மெல்லச் சாகும். குழி தோண்டும் முன் அங்கே குழாய், மின்கம்பி போகிறதா என்றும் விசாரியுங்கள். வளர்ந்த மரத்தில் ஆணியடித்துப் பலகை மாட்டாதீர்கள், அடியைச் சுற்றி சிமெண்டும் பூசாதீர்கள்.

அப்புறம், பூங்காவில் தினமும் வேலை செய்யும் தோட்டக்காரரையும் துப்புரவுப் பணியாளரையும் கேட்காமலே எதையும் தொடங்காதீர்கள். எந்த மூலையில் பாட்டில் சேரும், எங்கே தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. விளையாட வரும் பிள்ளைகளை விரட்டாமல் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலையும் முன் எந்த இடத்தில் என்ன குப்பை அதிகம் கிடந்தது என்று குறித்து வையுங்கள். ஒரே பெஞ்சுக்குக் கீழே திரும்பத் திரும்ப உறைகள் கிடந்தால், அங்கே ஒரு குப்பைத்தொட்டி கேட்டு மனு கொடுக்க அந்தக் குறிப்பே போதும்.