ரோமில் மழை நாள்: எங்கிருந்து தொடங்குவது?

கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் மழைக்காலத்தில் ஏறியவர்களுக்கு, ஈரப்பாறை எவ்வளவு பொல்லாதது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ரோமின் பழங்காலப் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் இடிபாடுகளிலும் அதே நிலைதான் என்பதால், திறந்தவெளி இடங்களை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிடுங்கள்.

முதலில் பழங்கால ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குச் செல்லுங்கள். பேரரசர் ஏட்ரியன் காலத்தில் எழுந்த இக்கட்டடத்தின், ஏறத்தாழ 43 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தின் உச்சியில் மூடியே இல்லாத வட்டத் திறப்பு ஒன்று இருப்பதால், மழை நேராகக் கூடத்துக்குள் இறங்குகிறது. சற்றே மேடிட்ட பளிங்குத் தரையைக் குனிந்து பார்த்தால், அந்த நீர் வடிவதற்கான சிறு துளைகள் தெரியும். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி அந்நியமாக இராது. வெயில் நாளில் வருபவர்களுக்கு இது கிடைப்பதில்லை என்பதால், மழையைத் திட்ட வேண்டாம்.

அடுத்தது, கொலோசியத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய சான் கிளெமெந்தே. 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் அடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும், அதற்கும் கீழே, பண்டைய ரோமானியர் வணங்கிய மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டுக் கூடமும் உள்ளன; அங்கே நிலத்தடி நீர் ஓடும் ஓசை கேட்கும். கீழே இறங்கத் தனிக் கட்டணம் உண்டு. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை அவசியம்.

நெரிசலில் குடை பிறர் கண்ணைக் குத்தும். தலைமூடியுள்ள மழைக்கோட்டும் ரப்பர் அடிப்பாகக் காலணியுமே போதும். பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.