மேடைன்னாலே கை நடுங்குதா? இப்படி ஆரம்பிங்க

ஆபீஸ் மீட்டிங்ல என் பேரச் சொன்னாலே வயித்துல புளியக் கரைக்கும், நீங்களும் அதே கேஸ்னா எடுத்ததும் கல்யாண மேடையில மைக்கப் புடிக்காதீங்க, பக்கத்துல டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் (மேடையில பேசப் பழகுறவங்க கூடுற கிளப்) இருக்கான்னு தேடுங்க. 1924ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, சென்னை, கோவைலயும் இருக்கு. முதல் தடவை கெஸ்ட்டா போய் சும்மா உக்காருங்க, பேசக் கூப்பிட்டா இன்னிக்கு வேணாம்னு சொல்லலாம், யாரும் கடிச்சிட மாட்டாங்க.

அடுத்து டேபிள் டாபிக்ஸ். அங்கயே ஒரு கேள்வி குடுப்பாங்க, 1லேருந்து 2 நிமிஷம் பேசணும், கூச்சம் உடையுறது இங்கதான். மெம்பர் ஆனதும் முதல் ஸ்பீச் ஐஸ் பிரேக்கர், 4லேருந்து 6 நிமிஷம், உங்களப் பத்தியேதான் பேசணும், அதனால படிக்க ஒண்ணுமில்ல. தயவுசெஞ்சு முழுசா மனப்பாடம் பண்ணாதீங்க, நான் பண்ணேன், நடுவுல ஒரு வரி மறந்து மொத்தமும் காலி. மூணு பாயிண்ட் சீட்டுல எழுதிக்கோங்க, முதல் வரிய மட்டும் மனசுல ஏத்திக்கோங்க, வீட்ல டைமர் வெச்சு நின்னுக்கிட்டே சத்தமா நாலஞ்சு தடவ பேசிப் பாருங்க.

நாம "ஆ...", "வந்து..."ன்னு இழுக்குறத எண்ணவே ஒருத்தர் இருப்பாரு, ஆ-கவுண்டர்னு பேரு. எனக்கு முதல் நாள் 23. அடுத்த தடவ 15.