மலைச்சரிவில் கோழி அடைப்பு: காசு வலைக்குப் போகிறது, கோழி அடியால் போகிறது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கோழி ஒன்று காணாமல் போனால் முதல் பழி கீரிக்குத்தான். பழி சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது வந்த வழியைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் வலை பிய்ந்திருக்காது. கதவடியில் இரண்டு விரல் இடைவெளி, தகரத்துக்குக் கீழே ஒரு சந்து, மழைக்கு மண் கரைந்து வலையடியில் திறந்துகொண்ட பள்ளம், இவற்றில் ஒன்றாக இருக்கும். வலைச்சுவரின் நடுப்பகுதிக்குச் செலவழித்துவிட்டு ஓரங்களைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி முடிப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு.

"அந்தியில் கூட்டைப் பூட்டிவிடுகிறோமே" என்ற நிம்மதி அடுத்தது. கீரி பகலில் திரியும் பிராணி. வல்லூறும் காகமும் குஞ்சு தூக்குவது பகலில்தான். மரநாயும் காட்டுப்பூனையும் இரவில் வரும், நரி அந்தியிலும் விடியலிலும் கூட வரும், சாரைப்பாம்புக்கு முட்டையும் குஞ்சும் போதும். ஆகவே இரவுக்கூடு மட்டும் உறுதியாக இருந்து, பகலில் மேயும் அடைப்பு பழைய மீன்வலையாக இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். நாய் அதைப் பல்லால் இழுத்தால் முறுக்குக் கழன்று கண் பெரிதாகும். தரையிலிருந்து 3 அடி உயரம் வரை அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை), 19 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த கம்பி வேண்டும். அதற்கு மேலே ஒரு அங்குலக் கண், 16 கேஜ் போதும். கேஜ் என்பது கம்பியின் தடிப்பைக் குறிக்கும் எண்; அது கூடக் கூடக் கம்பி மெலியும். "22 கேஜ், நல்ல ஸ்ட்ரோங்" என்று யாராவது சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடலாம். குஞ்சு வளர்க்கும் பகுதிக்கு மட்டும் மேல்வரை அரை அங்குலம்.

இனி அடிப்பக்கம். சமதரையில் கட்டுவோருக்குச் சொல்லப்படும் முறை, வலையை ஒன்றரை அடி ஆழம் புதைப்பது. தேயிலை மண் புளிப்பு மண், வருடத்தில் பாதி ஈரம். அதில் புதைந்த துத்தநாகப் பூச்சுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்தது கண்ணுக்கும் தெரியாது. இங்கே பொருந்துவது பாவாடை முறை. 18 அங்குல அகலத் துண்டு வலையை எடுத்து, 6 அங்குலத்தைச் சுவர் வலையோடு சேர்த்துக் கட்டி, மீதி 12 அங்குலத்தை வெளிப்பக்கமாகத் தரையில் விரிக்க வேண்டும். தோண்டும் மிருகம் சுவரின் காலடியில்தான் தோண்டும். நகத்தில் கம்பி தட்டும்; ஓரடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. அடிக்கு ஒன்றாக வளைத்த கம்பி முளை அடித்துவிட்டால், புல் ஏறி வலை தரையோடு பிடித்துக்கொள்ளும். துருப்பிடித்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். பாவாடையை உள்பக்கம் விரிப்பவர்களும் உண்டு. அது கோழி தோண்டுவதைத் தடுக்கும், நரியைத் தடுக்காது.

சரிவில் இன்னொரு தொல்லை, மண் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேல்பக்க வலையில் மண் வந்து குவியும்; கீழ்ப்பக்க வலையடியிலிருந்து மண் போய்க்கொண்டே இருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் பெய்யும் பெய்யலுக்கு, மார்ச் மாதம் தரையோடு ஒட்டியிருந்த வலை ஜூலையில் அந்தரத்தில் நிற்கும். மேல்பக்கப் பாவாடைக்கு அரை அடி தள்ளி, ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு கான் (வடிகால்) வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். கானை அடைப்புக்குள்ளால் கொண்டுபோகவே கூடாது. தண்ணீர் வெளியேறும் ஓட்டை கீரிக்கு வாசல். கூரைத் தண்ணீரும் இப்படித்தான். தகரத்தின் சொட்டு கீழ்ப்பக்கப் பாவாடை மேல் விழுந்தால் அங்கேயே குழி பறிக்கும். கூரையோரம் ஒரு பீலி வைத்துப் பீப்பாயில் பிடித்தால் இரண்டு வேலை முடியும்.

கீழ்ப்பக்கம் மட்டத்துக்குக் கொண்டுவரக் கல் அடுக்குவோர் சீமெந்து பூசாமல் விடுவது வழக்கம். சும்மா அடுக்கிய கல் கட்டு பாம்புக்கும் கீரிக்கும் குடியிருக்க நல்ல வீடு. பக்கத்தில் அதைக் கட்டிக் கொடுத்துவிட்டு நாமே கோழியையும் வைக்கிறோம். கல் இடுக்குகளைச் சாந்தால் அடைத்து, மண் தண்ணீர் வடிய அரை அங்குலக் குழாய் சில மட்டும் விட்டால் போதும்.

10 கோழிக்கு 10க்கு 10 அடி அடைப்பு தாராளம். அதன் சுற்றளவு 40 அடி. நான்கு சுவர்களின் அடிப்பகுதிக்கும் 3 அடி அகல அரை அங்குல வலை 40 அடி. அதே வலையை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் பாவாடைக்கு 20 அடி. நான்கு மூலைகளிலும் பாவாடை விரியும்போது ஓரடிச் சதுரம் வெறுமையாகும், அதற்கு 2 அடி. ஒட்டுக்கும் சேர்த்து 65 அடி வாங்க வேண்டும். மூலைச் சதுரத்தை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது, நாய் தோண்டத் தொடங்குவதும் மூலையில்தான்.

5 அடிக்கு ஒரு தூண், கதவுக்கு ஒன்று கூடுதலாக, மொத்தம் 9. சவுக்கு மரம் கையருகே கிடைக்கிறது என்று அப்படியே மண்ணில் நட்டால் அடி சீக்கிரம் உக்கிவிடும். மேலே சட்டத்துக்குச் சவுக்கு நல்லது. மண்ணுக்குள் 2 அடி போகும் காலுக்கு ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய்) அல்லது கொங்கிரீட் தூண். காலைச் சுற்றிப் போடும் கொங்கிரீட்டின் மேல்முகத்தைத் தூணிலிருந்து வெளியே சரிவாக வழித்துவிட்டால் தண்ணீர் தேங்காது.

வலையைச் சிறிய யூ ஆணியால் மட்டும் அடிப்பதும் ஏமாற்று வேலைதான். ஈரத்தில் மரம் ஊதி, வெயிலில் சுருங்கும். ஆணி தானாக வெளியே வரும். 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ, அகன்ற வாஷரோடு. அல்லது வலையின் மேல் ஒரு ரீப்பையை (மெல்லிய மரச்சட்டத்தை) வைத்து ஸ்குரூ இறுக்கலாம். வலையை எப்போதும் சட்டத்தின் வெளிப்பக்கம் அடிக்க வேண்டும். உள்ளே அடித்தால் நாய் தள்ளும் ஒவ்வொரு தள்ளும் ஆணியைக் கழற்றும்.

கூரைத் தகரம் 10 அடிக்கு 2 அடி சரிவு. நெளிதகரமும் அதைத் தாங்கும் வளைமரமும் சேரும் இடத்தில் ஒவ்வொரு நெளியிலும் ஒரு சந்து இருக்கும். எலியும் சின்னப் பாம்பும் அதற்குள் போகும். வலைத்துண்டைச் சுருட்டித் திணிக்கலாம். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் (தென்மேற்குக்) காற்றில் தகரம் ஒருமுறை தூக்கப்பட்டால் மறுபடி பழைய இடத்தில் உட்காராது. அங்கே ஆணி போதாது, ஜே பொல்ட் (கொக்கி போல வளைந்த பொல்ட்) வேண்டும். பொழுது சாய்ந்ததும் இரவுக்கூட்டுக்குள் டோர்ச்சைப் போட்டு வைத்து வெளியே சுற்றி வந்தால் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ தெரியும். காற்றுக்கென்று வலையிட்டு விட்ட இடத்தைத் தவிர, விரல் நுழையும் எதுவும் அடைக்க வேண்டியதே.

குளிருக்குப் பயந்து உரச்சாக்கால் நாலு பக்கமும் மூடிவிடுவது நுவரெலியாவில் அதிகம். வளர்ந்த கோழி குளிரைத் தாங்கும். எச்சத்தின் கார நெடியும் ஈரமும்தான் அதன் மூச்சைக் கெடுக்கும். கூரைக்குக் கீழே இரண்டு பக்கம் 6 அங்குலம் திறந்து வலை அடித்து, உட்காரும் கழியை அதற்கு ஓரடியாவது தாழ்த்தி வைக்க வேண்டும். கழி வலையை ஒட்டியிருக்கவும் கூடாது. தூங்கும் கோழியின் தலையையோ காலையோ மரநாய் வெளியிலிருந்தே பிடித்து இழுக்கும். காலையில் தலையில்லாத கோழி உள்ளேயே கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒன்றரை அடி தள்ளி வைத்தால் எட்டாது.

கதவை மழைக்காலத்தில் செய்தால் பெப்ரவரி வெயிலில் சுருங்கி இடைவெளி காட்டும். நிலைக்கு உள்பக்கம் ஒரு ரீப்பை அடித்து அதில் கதவு முட்டும்படி வைத்தால் சுருங்கினாலும் மறைந்திருக்கும். கதவடியில் கல்லோ கொங்கிரீட்டோ படியாக வேண்டும். கொக்கியைக் குரங்கு திறந்துவிடும். தாழ்ப்பாளுக்கு ஒரு பூட்டு அல்லது சுருள் கிளிப்.

கோபத்தில் சுருக்குக் கம்பி வைப்பதும், வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொடுப்பதும் நடக்கிறது. இரண்டும் சட்டவிரோதம், இரண்டாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். சுருக்கு, எந்த மிருகத்துக்கு வைத்தோமோ அதற்காகக் காத்திருக்காது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது.

அதைவிடப் பலன் தருவது, இரவில் தீவனத்தை உள்ளே விடாமல் மூடியுள்ள தகரப் பேணியில் போடுவது. மிச்சச் சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அடைப்பைச் சுற்றி 3 அடிக்குத் தேயிலைச் செடியோ புதரோ இல்லாமல் வைத்தால் கீரி வெட்டவெளியில் வரத் தயங்கும். ஆனால் மண்ணை மொட்டையாகக் கொத்திவிடக் கூடாது, மழைக்குப் போய்விடும். புல்லைக் கட்டையாக வெட்டிவிட்டால் போதும்.