இண்டக்ஷன் உலைக்கு மாறியபின் கசிந்த வார்ப்புகள்: என் அனுபவம்

கோவையில் பம்ப் உறைகள் வார்க்கும் எங்கள் சிறிய பவுண்டரியில், எல்.பி.ஜி. உலையை நிறுத்திவிட்டு, காயிலில் (மின்சுருளில்) மின்சாரம் பாய்ச்சி காந்தப்புலத்தால் உலோகத்தை உருக்கும் இண்டக்ஷன் உலைக்கு மாறிய முதல் வாரத்திலேயே, எல்.எம். 6 (அலுமினியம்-சிலிக்கான் கலவை) வார்ப்புகள் நீரழுத்தச் சோதனையில் கசியத் தொடங்கின. வாயு எரியும்போது உண்டாகும் நீராவிதான் உருகிய அலுமினியத்தில் ஹைட்ரஜனைச் சேர்க்கும், உலோகம் உறையும்போது அது பிரிந்து துளைகளை உண்டாக்கும் என்பதால், மின் உலையில் நுண்துளைகள் குறையும் என்றே நம்பியிருந்தோம்.

ஹைட்ரஜனை வெளியேற்ற நைட்ரஜன் செலுத்தும் நேரத்தை இரட்டிப்பாக்கினோம், இங்காட்டை (உருக்கும் உலோகக் கட்டியை) மாற்றினோம், மண் அச்சுகளின் ஈரத்தைக் குறைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை, ஒன்பது நாட்கள் வீணாயின.

கசிந்த ஒரு துண்டை உடைத்துப் பார்த்தபோது உருண்டையான துளைகள் இல்லை. மடித்த காகிதம் போன்ற சாம்பல் நிறப் படலம் இருந்தது. குற்றவாளி ஹைட்ரஜன் வாயு அல்ல, உருகிய அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு. உலைக்குள் எட்டிப் பார்த்தால், உலோகத்தின் நடுப்பகுதி குவிந்து எழும்ப, மேற்படலம் கிழிந்து ஓரமாக உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. காந்தப்புலத்தின் இந்தக் கலக்கல் வாயு உலையில் கிடையாது. போதாக்குறைக்கு, பழைய பழக்கத்தில் நாங்கள் மூசையை (உலோகம் உருகும் கலத்தை) அரைகுறையாக நிரப்பியதால், உலோக மட்டம் காயிலின் மேல்விளிம்புக்குக் கீழே நின்று, குவிவு இன்னும் உயர்ந்தது.

இப்போது காயிலின் மேல்விளிம்பைத் தாண்டும் வரை நிரப்பி, உருகியதும் மின்திறனைக் குறைத்து, ஃபிளக்ஸ் (கசடைப் பிரிக்கும் உப்புத்தூள்) இட்டுக் கசடை வழித்தபின், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நைட்ரஜன் செலுத்தி, பத்து நிமிடம் அசையாமல் விட்டு ஊற்றுகிறோம். அதற்குள் இறங்கும் வெப்பத்தை ஈடுகட்ட, முன்கூட்டியே சற்றுக் கூடுதலாகச் சூடேற்றிக்கொள்கிறோம். அடுத்த தொகுதியில் ஓர் உறைகூடக் கசியவில்லை.