'மீதிங்க்ஸ்': பழைய ஆங்கில வினை ஒன்றைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் 'மீதிங்க்ஸ்' அடிக்கடி வரும். 'நான் நினைக்கிறேன்' என்று பொருள் எழுதிக்கொண்டு நகர்ந்தால் இலக்கணமும் தப்பும், வரியின் சுவையும் போகும்.

சொல்லை 'மீ', 'திங்க்', 'ஸ்' என்று மூன்றாகப் பிரியுங்கள். பின்னாலிருந்து தொடங்குவது நல்லது. 'ஸ்' படர்க்கை ஒருமை விகுதி. எழுவாய் 'ஐ' (நான்) என்றால் அது வரவே வராது. 'மீ' இங்கே நான்காம் வேற்றுமை, அதாவது 'எனக்கு'. 'என்னை' என்பதற்கும் இதே வடிவம் இருப்பதால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஏமாற்றுவது நடுத்துண்டு. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன: 'நினை' என்பதற்குத் 'தென்ச்சன்', 'தோன்று' என்பதற்குத் 'துன்ச்சன்'. இறந்தகாலத்தில் முதலாவது 'தோஹ்தெ', இரண்டாவது 'தூஹ்தெ'. இடைக்கால ஆங்கிலத்தில் ஒலிகள் நெருங்கி, இரண்டும் 'திங்க்' ஆகிவிட்டன. பிறகு 'தோன்று' வினை வழக்கொழிந்து, இந்தச் சொல்லுக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் 'டெங்கன்', 'டுங்கன்' என இரண்டும் இன்னும் தனித்தனியே இருக்கின்றன.

ஆகவே சரியான பொருள் 'எனக்குத் தோன்றுகிறது'. வேற்றுமை உட்பட அப்படியே பொருந்துவதால், தமிழ் வழியாகப் படிப்பவருக்கு இது ஆங்கிலேயரைவிட எளிது என்றே சொல்லலாம். ஹேம்லெட் 3ஆம் அங்கம், 2ஆம் காட்சியில் மேகத்தைப் பார்த்து இளவரசன் சொல்லும் இடத்தில் பொருத்திப் பாருங்கள். அங்கே பேச்சு மேகம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியது, 'நினைக்கிறேன்' ஒட்டாது.

நீங்களே எழுதும்போது வாக்கியத்தின் தொடக்கத்திலோ, காற்புள்ளி இட்டு இறுதியிலோ வையுங்கள். இறந்தகாலம் 'மீதாட்'. 'ஐ மீதிங்க்ஸ்' பிழை. 'நான் எனக்குத் தோன்றுகிறது' என்பது போலாகும். 'யூதிங்க்ஸ்' என்று புதிதாக ஆக்கவும் வேண்டாம். இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் 'ஹிம் தாட்' ('அவனுக்குத் தோன்றியது') போன்றவை வழங்கின. பின்னாளில் நிலைத்தது தன்மை வடிவமே.

மூலத்தைச் சரிபார்க்க பாஸ்வர்த்-டோலர் பழைய ஆங்கில அகராதி போதும். அதில் 'டி', 'எச்' என்ற இரண்டெழுத்தின் கீழ் தேடாமல் அந்த ஒலிக்கான பழைய ஒற்றை எழுத்தான 'தோர்ன்' (þ) என்பதன் கீழ் தேடுங்கள். பயிற்சிக்கு 'மீசீம்ஸ்' என்ற சொல்லை இதே முறையில் பிரித்துப் பாருங்கள்.