ஓடுகிற தண்ணீரில் தக்கைத் தூண்டில்: பூலாம்பட்டிப் பக்கம் நான் போடுகிற விதம்

கொலுசுப் பட்டறையில் ஆறு நாள் குனிந்தே கிடக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது கழுத்தை நிமிர்த்தி எதையாவது பார்க்க வேண்டும். நான் தூண்டிலில் மிதக்கிற தக்கையைப் பார்க்கிறேன். சேலத்திலிருந்து எடப்பாடி, அங்கிருந்து பூலாம்பட்டி. விடிகாலை பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் காவிரிக்கரை. படகுத்துறைப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி தேங்கி நிற்கும், கூட்டமும் இருக்கும். அது எனக்கு வேண்டாம். கதவணைக்கு நன்றாகக் கீழே தள்ளிப் போய், பாறை தலைகாட்டி ஆறு ஓடுகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். யாராவது வலை கட்டுகிற இடமா என்று கரையில் இருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குச்சி பத்துப் பன்னிரண்டு அடி இருந்தால் போதும். நுனி மெலிந்த மூங்கிலை நிழலில் காயவைத்தது நல்லது. கடையில் விற்கிற மடக்குக் குச்சியும் சரிதான். நரம்பு சுற்றுகிற சக்கரம் தேவையில்லை. தூண்டில் நரம்பு 0.20 மில்லிமீட்டர், நீளம் குச்சியளவு. தூண்டில் முள் 10 அல்லது 12 நம்பர். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். இது தெரியாமல் பெரிய நம்பர் பெரிய மீனுக்கு என்று வாங்கி வந்தவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். முள்ளைக் கட்டும்போது நரம்பைக் கண்ணில் நுழைத்து, அதன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, முள்ளின் கண்ணருகே விழுந்த சிறு வளையத்துக்குள் நுனியை விட்டு, எச்சில் தொட்டு இழுங்கள். காய்ந்தபடி இழுத்தால் உரசலில் சூடேறி நரம்பு அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

தக்கைக்கு மயிலிறகின் தண்டைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை. சேர்வராயன் அடிவாரத் தோட்டங்களில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினால் போதும். நாலு விரற்கடை நறுக்கி, சைக்கிள் வால் டியூபில் இரண்டு சின்ன வளையம் வெட்டி, மேலொன்று கீழொன்றாக நரம்போடு சேர்த்து மாட்டுங்கள். ஆழத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

இனிமேல்தான் பட்டறை வேலை. வீட்டிலேயே ஒரு வாளி தண்ணீரில் தக்கையை விட்டு, முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஒரு சின்ன ஈயத்துண்டை நரம்பில் நசுக்கிப் பொருத்திப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் ஈயம் போதாது. முழுகிவிட்டால் அதிகம். தக்கை நிமிர்ந்து, நுனி அரை விரற்கடை மட்டும் வெளியே தெரிய வேண்டும். நான் ஈயத்தைக் கத்தியால் சீவிச் சீவி எடை பார்ப்பேன். வெள்ளியில் பொடிக்கணக்குப் பார்க்கிற கைக்கு இது பழக்கம். எதற்கு இவ்வளவு என்றால், ஈயம் போதாமல் தக்கை அதிகம் வெளியே தெரிய மிதந்தால் இரையை வாயில் வைத்த மீனுக்கு அந்த இழுப்பு தெரியும், துப்பிவிட்டுப் போய்விடும்.

இரை மண்புழுதான். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில், வாழைக்குக் கீழே ஈரமண்ணில் கிடைக்கும். ஜிலேபி மீனுக்கு மாவும் ஆகும். சேலத்துக்காரனுக்கு ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ஒரு பிடி குழைய வேகவைத்து மைதாவோடு பிசைந்தால் முள்ளில் பிசின் மாதிரி ஒட்டும், ஓடுகிற தண்ணீரிலும் சீக்கிரம் கரையாது. கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை இரண்டைச் சற்று மேலாற்றில் போட்டுவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா இருங்கள்.

அந்த நேரத்தில் தண்ணீரைப் பாருங்கள். ஓடுகிற ஆற்றில் மீன் மேலாற்றைப் பார்த்துத்தான் நிற்கும், இரை அங்கிருந்துதானே வரும். ஆனால் வேகத்தில் நின்றால் அதற்கு வீண் உழைப்பு. பாறைக்குப் பின்னால், அல்லது வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற கோட்டுக்கு உள்பக்கம் ஒதுங்கியிருக்கும். அந்தக் கோட்டை நுரை காட்டிக்கொடுக்கும். நுரை வரிசையாகப் போகிற பாதைதான் மீனுக்குப் பந்தி.

இரை அந்த நுரையின் வேகத்திலேயே போக வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். முதல் வருஷம் முழுக்க நான் தக்கையை ஒரே இடத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடைத்தது வெயிலில் தலைவலி. பரிசல் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, ஆத்துல போற சோறு எங்கயாச்சும் நின்னு பாத்திருக்கியா?" என்றார். நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கு இறகால் ஈ மாதிரி கட்டி வீசுகிறார்களே, அங்கேயும் இதே கணக்குதான்.

செய்முறை இது. நம் கரையில் ஆற்றைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் மேலாறு. தக்கையை அந்தப் பக்கம் வீசி, நுரையோடு வரவிடுங்கள். குச்சி நுனி தக்கையின் கூடவே வரட்டும். பக்கத்தில் போகிற நுரைக்குமிழியைப் பாருங்கள். தக்கை அதைவிடப் பிந்தினாலோ, முந்தினாலோ, குறுக்கே கோடு கிழித்தாலோ, தண்ணீரில் கிடக்கிற நரம்பு இழுக்கிறது என்று அர்த்தம். நரம்பு தக்கையை முந்திக் கீழாற்றுப் பக்கம் வளைந்திருந்தால், குச்சியைச் சற்று உயர்த்தி, தக்கையை அசைக்காமல் நரம்பை மட்டும் தூக்கி மேலாற்றுப் பக்கம் போடுங்கள். பாய் விரிக்கும்போது ஓரத்தை உதறுகிற மாதிரி ஒரு சின்ன உதறல். முதல் இருபது தடவை தக்கையும் சேர்ந்து துள்ளும், பரவாயில்லை.

தக்கை முழுகும் என்று காத்திருக்காதீர்கள். கொஞ்சம் தயங்கினாலும், சாய்ந்தாலும், மணிக்கட்டால் தூக்குங்கள். கல்லில் தட்டியதாகவும் இருக்கலாம். தூக்குவதற்குக் காசா பணமா? தோளால் பிடுங்கினால் மட்டும் ஜிலேபியின் உதடு கிழிந்து போய்விடும்.

ஜிலேபியின் முதுகு முள்ளைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவிப் படியவைத்துப் பிடியுங்கள். உள்ளங்கைகூட நிறையாத குஞ்சென்றால் கையை நனைத்துக்கொண்டு தொட்டு, திரும்ப விட்டுவிடுங்கள். கெளுத்தியிடம் விளையாட வேண்டாம். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள். ஒருமுறை கட்டைவிரலில் வாங்கி, அடுத்த இரண்டு நாள் பட்டறையில் சாமணம் பிடிக்க முடியவில்லை. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் வைத்திருந்தபோதுதான் கடுகடுப்பு தணிந்தது. இப்போது ஈரத்துணி இல்லாமல் தொடுவதில்லை.

ஆற்றுக்குள் பாறை மேல் ஏறி நிற்கிறவர்களுக்கு ஒன்று. மேட்டூரில் திறப்பதும் குறைப்பதும் நமக்குச் சொல்லிவிட்டு நடப்பதில்லை. வழியில் கதவணைகளில் மின்சாரமும் எடுக்கிறார்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். விளிம்பு அதைத் தாண்டி ஏறியிருந்தால் மீன் கொத்துகிற நேரமாக இருந்தாலும் கரைக்கு வந்துவிடுங்கள். ஆடிப் பெருக்கில் நான் குச்சியையே எடுப்பதில்லை.

பிடித்ததை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் போடுங்கள், கொக்கு காலில் சிக்கிக்கொள்கிறது. முள்ளைக் கழற்றி ஒரு ரப்பர் துண்டில் குத்தி டப்பாவில் மூடிவிடுங்கள்; எடப்பாடி பஸ்ஸில் ஞாயிறு சாயங்காலம் நிற்கத்தான் இடம் இருக்கும்.